பச்சை அட்டையில் பதினோரு வரிகள்

ஜூலை 4, 1993, ஞாயிறு

நூலகத்துக்கு இன்று விடுமுறை. எனக்குத்தான் இல்லை. காலை ஏழு மணிக்கே பசை காய்ச்சி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சந்திரவதனனின் ‘ஆறாம் காயம்’ போன வாரத்தோடு முடிந்தது. இருபத்து நான்கு வாரமாக ‘பவளமல்லி’ இதழை இரண்டிரண்டு பிரதி வாங்கி, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து அடுக்கி வைத்திருந்தேன். இரண்டு கட்டையும் தைத்து, அட்டை போட்டு, இரண்டு புத்தகமாக்கிவிட்டேன். ஒன்றுக்குப் பச்சை காலிகோ துணி, இன்னொன்றுக்குச் சிவப்பு.

பதிப்பகம் இதைப் புத்தகமாகப் போட எப்படியும் ஒரு வருடம் ஆகும். அதுவரை கோபிச்செட்டிபாளையத்தில் ரத்தக் காட்டேரி காளிங்கதுரையின் ஆறாவது கதையைப் படிக்க வேண்டும் என்றால் அண்ணன் வீட்டு முன்னறையில் இருக்கும் என் வைகறை வாடகை நூலகத்துக்குத்தான் வந்தாக வேண்டும். இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன்.

வழக்கப்படி, கதைப் பக்கங்களில் வந்திருந்த லாட்ஜ் டாக்டர்களின் அந்தரங்க வைத்திய விளம்பரங்கள் மேல் வெள்ளைத்தாள் ஒட்டினேன். பள்ளிக்கூடப் பெண்கள் வந்து போகிற இடம். என் உறுப்பினர்களுக்கு வெள்ளைத்தாள் பழகிப்போய்விட்டது, அவர்கள் பாட்டுக்குத் தாண்டிப் படித்துக்கொண்டு போவார்கள். பச்சையில் ஒரு பக்கத்துக்குக் கீழ்மூலை இல்லை. அதற்கும் ஒரு துண்டு வெட்டி ஒட்டிச் சரிசெய்தேன்.

கடைசியில் கருத்துத் தாள். பென்சிலால் மட்டும் எழுத வேண்டும், பெயர் கூடாது, அட்டை எண் போதும். இந்த வழக்கத்தை ஆரம்பித்ததே நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது. தெரிந்தும் இரண்டு தடவை வாசலுக்குப் போனேன், சும்மா.

ஜூலை 6, செவ்வாய்

கதவைத் திறக்கும் முன்பே பன்னிரண்டு பேர்! பால் வாங்கும் வரிசை தோற்றுவிடும். பெயர் பதிந்தவர்கள் அறுபத்து மூன்று பேர். ஆளுக்கு ஒரு நாள்தான், மறுநாள் காலை பத்து மணிக்குள் புத்தகம் என் மேசைக்கு வந்துவிட வேண்டும் என்று சட்டம் போட்டேன்.

முதல் பச்சை 112-ஆம் எண்ணுக்கு. அது எதிர்ச்சாரியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருக்கும் சென்னியப்பன். நாற்பத்து மூன்று வயது. மனைவி தவறி ஆறு வருடம் ஆகிறது. சட்டைப் பையில் எப்போதும் சீவிய பென்சில். முதல் சிவப்பு 47-க்கு, அதாவது கணக்கு வாத்தியார் கிருஷ்ணவேணி டீச்சருக்கு. டீச்சருக்குக் காளிங்கதுரை மேல் இருக்கும் பிரியம் அவர் வீட்டுக்காரருக்கே தெரியும்.

“நாளைக்குப் பத்து மணிங்க, சார். பத்து அஞ்சு ஆகக் கூடாது,” என்றேன்.

“ஏனுங் அம்மிணி, ஒம்பதே முக்காலுக்கே கொண்டாந்து தந்தர்றனுங்,” என்றார் சென்னியப்பன். தந்தும்விடுவார். இன்றுவரை ஒரு புத்தகத்தையும் தாமதித்ததில்லை, பக்கம் மடித்ததும் இல்லை. அதனால்தான் முதலில் அவருக்குக் கொடுத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஜூலை 7, புதன்

பச்சை 9.45-க்கு வந்தது. கருத்துத் தாளில் அழகான சிறு எழுத்தில்: “மெர்சி துரோகி. ஐந்து பாகம் நம்பினேன். இது எழுத்தாளருக்கு மாபெரும் சறுக்கல். — 112.”

சிவப்பு 10.20-க்கு வந்தது. டீச்சரைக் கோபிக்க மனம் வரவில்லை, கண்ணெல்லாம் வீங்கி இருந்தது. தாளில்: “வரிசையின் மகுடம். மெர்சியைப் போல ஒருத்தி இனிப் பிறக்க வேண்டும். — 47.”

எனக்கு ஒரே குஷி. ஒரே கதைக்கு இரண்டு விதமான கருத்து வந்தால்தான் நூலகத்தில் கூட்டம் நிற்கும்.

ஜூலை 14, புதன்

கூட்டம் நிற்கிறது என்றா சொன்னேன்? கூட்டம் கத்துகிறது.

முந்தைய பாகங்கள் தெரியாமல் இந்தக் குறிப்பை யாராவது படித்தால் (அண்ணன் மனைவி, என் நங்கை, படிக்கிறாரோ என்று ஒரு சந்தேகம்) விளங்குவதற்காக எழுதி வைக்கிறேன். காளிங்கதுரை நீலகிரியில் ஒரு பங்களாவில் வாழும் காட்டேரி. இருநூறு வயது. நர்ஸ் மெர்சிக்கு அவன் மேல் காதல், அவனுக்கும்தான். ஆறாம் பாகத்தில் பத்தொன்பதாம் வாரம், ஒரு காலை நேரம், மெர்சி ஜன்னல் திரையை இழுத்துவிடுகிறாள். வெயில் பட்டு அவன் எரிகிறான். கருகிய உடம்போடு ஆற்றில் விழுகிறான். அதற்குப் பிறகு ஐந்து வாரம் மெர்சி அதைப் பற்றி யாரிடமும் வாய் திறப்பதே இல்லை.

இதில் என்ன துரோகம் இருக்கிறது? நான் அந்த வாரம் படித்துவிட்டு அடுப்பில் பாலைப் பொங்கவிட்டேன், அவ்வளவு அழுகை. பச்சைக்காரர்கள் கல்நெஞ்சுக்காரர்கள். இன்று ஒரு வேடிக்கை கண்டுபிடித்தேன்: பச்சை வாங்கிப் போகிறவர்கள் எல்லோரும் திட்டுகிறார்கள், சிவப்பு வாங்கிப் போகிறவர்கள் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். முன்னால் எழுதியவரைப் பார்த்துப் பின்னால் வருகிறவரும் எழுதுகிறார் போல. மனித புத்தி!

ஜூலை 17, சனி

இன்றைய ‘பவளமல்லி’ வந்தது. 41-ஆம் பக்கத்தில் நான் அனுப்பியது வந்திருக்கிறது. நான்கு வரிதான். பெயர் போடவில்லை, எண்தான்.

வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ரசம் நன்றாக இருந்தது என்று அண்ணன் சொன்னார்.

ஜூலை 22, வியாழன்

நூலகத்தில் இன்று சண்டை. நிஜச் சண்டை!

“ஏனுங் டீச்சர், தூங்கற மனுசன் மேல வெயில இழுத்து உடறது பாசமாங்க? கொலைங்க அது!” என்றார் சென்னியப்பன்.

“ஆரு தூங்குனா? கண்ண முழிச்சுட்டுத்தான இருந்தான்? நீங்க கதையப் படிச்சீங்களா, அட்டையப் படிச்சீங்களா?” என்றார் டீச்சர்.

“அட்சரம் உடாம ரெண்டு தடவ படிச்சனுங். அவ ஜன்னல் பக்கம் திரும்பறா, திரைய இழுக்கறா. அவங்கிட்ட ஒரு வார்த்த கேட்டாளா?”

“அவ எதுக்குங்க கேக்கணும்? கேட்டதே அவந்தான!”

“எங்க கேட்டான்? எந்தப் பக்கத்துல கேட்டான்?”

“போங்க சார். உங்களுக்குப் படிச்சுச் சொல்ல நான் என்ன ஒண்ணாங்கிளாஸ் வாத்தியாரா?” டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் புகுந்து விலக்கியிருக்க வேண்டும். எனக்கோ சிரிப்பு தாங்கவில்லை. முகம் சிவந்தால் சென்னியப்பன் பத்து வயது குறைந்து தெரிகிறார். இதை அடித்துவிட நினைத்தேன், பேனாவால் எழுதிவிட்டேன்.

ஜூலை 26, திங்கள்

சென்னியப்பன் சந்திரவதனனுக்கு ஒரு கடிதம் டைப் அடித்துக்கொண்டு வந்தார். ஒன்றரைப் பக்கம், ஒரு பிழை இல்லை. “தங்கள் பேனாவுக்கு வயதாகிவிட்டதோ என்று அஞ்சுகிறோம்” என்று ஒரு வரி. பச்சைக்காரர்களும் அவர்கள் வீட்டில் சேர்ந்து படித்தவர்களுமாக முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். என்னையும் கேட்டார்.

“நான் போட மாட்டனுங்க. எனக்குக் கதை பிடிச்சிருக்குது.”

“உங்குளுக்குமா?” என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். ஏமாந்து போன பார்வை. பத்திரிகை அலுவலக முகவரி மட்டும் நான் சொன்னேன். அது எனக்கு மனப்பாடம்.

“அட்ரஸ் பாக்காமயே சொல்றீங்களே!” என்று ஆச்சரியப்பட்டார். நூலகம் வைத்திருந்தால் தெரியாதா என்றேன்.

ஆகஸ்ட் 2, திங்கள்

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவோம். என் நங்கை சாவித்திரிக்குக் கண் ரொம்பக் கூர்மை. இன்று தபால்காரர் போன பிறகு கேட்டார்: “ஏ வசந்தா, ஒரு மாசமா அந்த மனுசன் சைக்கிள் சத்தம் கேட்டா ஓடற. ஆரு கடுதாசி போடறாங்க உனக்கு?”

“புத்தகக் கேட்லாக், நங்கை.”

“கேட்லாக்குக்கு ஆராச்சும் தலை சீவிட்டுப் போயி நிப்பாங்களா?”

ஆகஸ்ட் 5, வியாழன்

பத்திரிகை அலுவலகம் வழியாக ஒரு கவர் வந்தது. உபயோகமில்லாதது. தன்னிடம் எத்தனை மாடு என்று எழுதத் தெரிந்த மனிதருக்கு என்ன படிப்பார் என்று எழுதத் தெரியவில்லை. அடுப்பில் போட்டேன்.

ஆகஸ்ட் 7, சனி

‘பவளமல்லி’யில் சந்திரவதனன் எழுதியிருப்பதை அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

“கோபிச்செட்டிபாளையத்து வாசகர்கள் முப்பத்தொரு பேர் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு, என் மெர்சியைக் கொலைகாரி என்றும் என் பேனாவுக்கு வயதாகிவிட்டது என்றும் தெரிவித்திருக்கிறார்கள். காளிங்கதுரையை முதலில் கொண்டாடிய ஊர் அது. அவர்களுக்கே புரியும்படி என்னால் எழுத முடியவில்லை என்றால் நிறுத்திக்கொள்வதே மரியாதை. ஏழாம் பாகம் வராது.”

வராதா! ஆற்றில் விழுந்தவன் ஆற்றிலேயே கிடப்பதா? பதினோரு வருடமாகப் படிக்கிற கதை!

பத்து மணிக்குள் நூலகம் நிரம்பிவிட்டது. சென்னியப்பன் முகத்தில் ரத்தமே இல்லை. “நிறுத்தச் சொல்லலீங்களே! திருத்திக்குங்கன்னுதானுங்க எழுதுனேன்!” என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். சிவப்புக்காரர்கள் அவர் மேல் பாயாத குறை. கடைசியில் டீச்சர்தான் மேசையைத் தட்டினார்.

“பட்டிமன்றம் வெச்சுருவோம். ‘ஆறாம் காயம்’ மகுடமா, சறுக்கலா? தீர்ப்ப எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டு அனுப்புவோம். அப்பவாவது அந்த மனுசன் மனசு எறங்கட்டும்.”

அடுத்த வார ஞாயிறு, சுதந்திர தினம், இன்ஸ்டிடியூட் கூடத்தில். நடுவர் நான். நடுவர்! எனக்கு மேடையே கிடையாது, மேசை மட்டும்தான். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, புதன்

நடுவர் இரண்டு பக்கமும் படித்திருக்க வேண்டுமே என்று பிற்பகல் பச்சையையும் சிவப்பையும் திரும்ப வாங்கி, மேசையில் அக்கம்பக்கமாக விரித்து வைத்துப் படித்தேன். இரண்டையும் ஒன்றாக வைத்துப் படித்தது இந்த ஊரில் இதுதான் முதல் தடவை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பத்தொன்பதாம் வாரம். பச்சையில் இப்படி இருக்கிறது: “மெர்சி ஜன்னலை நோக்கித் திரும்பினாள்.” அதன் கீழே வெள்ளைத்தாள். அடுத்த பக்கத்தின் மேலே: “திரையை ஒரே இழுப்பில் இழுத்தாள். காலை வெயில் அவன் நெஞ்சில் பாய்ந்தது.”

சிவப்பில் அந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே பதினோரு வரிகள் இருக்கின்றன.

விளம்பரம் என்று நினைத்து முப்பத்தொரு பேரும் அந்த வெள்ளைத்தாளைத் தாண்டிப் படித்துவிட்டார்கள். நான் பழக்கிவைத்த பழக்கம். அந்த மூலை எனக்கு ஞாபகம் இருந்தது, அதன் பின்னால் கதை ஓடியது ஞாபகம் இல்லை. காளிங்கதுரையை வெயில் கொல்லவில்லை, சந்திரவதனனும் கொல்லவில்லை. கோபியில் ஒரு கத்தரி கொன்றிருக்கிறது.

சிவப்பில் அந்தத் தாளைத் திருப்பினால் பின்பக்கம் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். திருப்பவில்லை.

ஒரு காரியம் செய்யப் பார்த்தேன். மறைக்காமல் எழுதுகிறேன். கத்தரியை எடுத்துச் சிவப்பின் கீழ்மூலைக்குக் கொண்டுபோனேன். அதையும் வெட்டிவிட்டால் பின்பக்கம் யாருக்கும் தெரியாது. பதினோரு வரியையும் கையால் எழுதி இரண்டிலும் ஒட்டி, எலி கடித்துவிட்டது என்று சொல்லிவிடலாம். அப்போது எதிர்ச்சுவரில் நான் எழுதி மாட்டிய பலகை கண்ணில் பட்டது: “புத்தகத்தில் பிளேடு, கத்தரி படக் கூடாது. மீறினால் அட்டை ரத்து.” போன வருடம் கோலம் ஒன்றை வெட்டிக்கொண்ட தாசில்தார் மனைவியின் அட்டையையே ரத்து செய்தவள் நான். கத்தரியை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. காய்ச்சல் என்று படுத்துவிட்டால்?

ஆகஸ்ட் 14, சனி

காய்ச்சல் வரவில்லை.

ஆகஸ்ட் 15, ஞாயிறு

நிதானமாக எழுத வேண்டும். நடந்ததை நடந்தபடி.

மூன்று மணிக்கெல்லாம் கூடம் நிறைந்துவிட்டது. டைப்ரைட்டர்களுக்கு உறை போட்டுச் சுவரோரம் தள்ளி வைத்திருந்தார் சென்னியப்பன். இடப்பக்கம் பச்சை அணி, வலப்பக்கம் சிவப்பு அணி. நங்கையும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு பாகமும் படித்ததில்லை. நான் மேடையேறுவதைப் பார்க்க வந்திருக்கிறார்.

டீச்சர் முதலில் பேசினார். கூட்டல் கழித்தல் போல ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பிறகு சென்னியப்பன். எழுதி வைத்ததைப் பார்க்காமலே பேசினார்.

“எழுத்தாளர் மேல எனக்குக் கோபமில்லீங்க. வருத்தந்தான். என்ற சம்சாரம் போன வருசந்தான் இந்த வரிசைய நான் படிக்க ஆரம்பிச்சது. மெர்சி மாதிரி ஒருத்தி ஒருத்தன உடாமப் புடிச்சுட்டு நிக்கறாளேன்னு, அந்தத் தெம்புலதான் அஞ்சு பாகத்தையும் படிச்சேன். அவளே கைய உட்டுட்டா அப்பறம் நானெல்லாம் எதப் புடிச்சுக்கறதுங்க?”

தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன்.

“தீர்ப்பு சொல்றதுக்கு முன்னால பதினோரு வரி படிக்கறனுங்க. இது செவப்புல மட்டுந்தான் இருக்குது. பச்சைல இல்ல,” என்று சொல்லிவிட்டுப் படித்தேன்:

“‘மெர்சி, நேற்று உன் தம்பியின் கழுத்தைப் பார்த்தேன். எனக்குத் தாகம் எடுத்தது. நாளைக்கும் எடுக்கும். அந்தத் திரையைத் தொட என் கைக்குத் துணிவில்லை. நீ இழு.’ அவள் மாட்டேன் என்றாள். மூன்று தடவை மாட்டேன் என்றாள். ‘இருநூறு வருடத்தில் நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. எடுத்துக்கொண்டுதான் பழக்கம். முதல்முறையாகக் கேட்கிறேன்’ என்றான் காளிங்கதுரை.”

கூடத்தில் ஒரே இரைச்சல். பச்சைக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள். “அடக் கடவுளே, கேட்டிருக்கறானே!” என்று ஒரு அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். சென்னியப்பன் நின்ற இடத்தில் நின்றார். “அவந்தான் கேட்டானா,” என்று மெதுவாகச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“ஏனுங் அம்மிணி, பச்சைல வெள்ளைத்தாள் ஒட்டின அந்த மூலைய ஆருங்க வெட்டுனது?”

“நாந்தானுங்க.”

“நீங்களா? எதுக்குங்க?”

டீச்சர் சட்டென்று என் கையிலிருந்த சிவப்பை வாங்கினார். தாளைத் திருப்பினார், பின்பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டப்பென்று புத்தகத்தை மூடிவிட்டார்.

“சோப்பு விளம்பரங்க. ஏதோ பரிசுக் கூப்பன் போல. இதுக்குப் போயி விசாரணையா? உடுங்க,” என்றார்.

பொய்யே சொல்லத் தெரியாத கணக்கு வாத்தியார் எனக்காக நூறு பேர் முன்னால் பொய் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். எல்லோரும் நம்பியிருப்பார்கள். ஆனால் அந்த நிமிடம் எனக்கு மெர்சிதான் நினைவுக்கு வந்தாள். ஐந்து வாரம் வாய் திறக்காமல் இருந்ததால்தானே கொலைகாரி என்று பெயர் வாங்கினாள்?

சிவப்பைத் திரும்ப வாங்கிப் பின்பக்கத்தை விரித்து, உரக்கவே படித்தேன். “‘மணமாலை. வாசகர்களுக்கான இலவச வரன் விளம்பரம். கூப்பனைப் பூர்த்தி செய்து அனுப்பவும்.’ பச்சைல இருந்தத வெட்டிப் பூர்த்தி செஞ்சு நாந்தானுங்க அனுப்பினேன். வயசு முப்பத்தெட்டு, தொழில் நூலகம். எதிர்பார்ப்புன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. புத்தகம் படிக்கறவரா இருந்தாப் போதும்னு எழுதினேன்.”

ஆரம்பித்துவிட்டேன், நிறுத்த முடியவில்லை.

“முப்பத்தெட்டு வருசத்துல நானும் ஆருகிட்டயும் எதையும் கேட்டதில்லீங்க. மொதல் தடவையாக் கேட்டேன். கேக்கப் போயி உங்க கதைய வெட்டிப்போட்டேன். எல்லாரும் என்ன மன்னிக்கோணும். கதை மகுடந்தானுங்க. சறுக்கினது நானு.”

உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை, அதை எழுதி வைக்கிறேன். முதலில் கைதட்டியது யார் என்று தெரியவில்லை. கடைசி பெஞ்சுப் பக்கமிருந்துதான் சத்தம் வந்தது.

சென்னியப்பன் சுவரோரம் போய் ஒரு டைப்ரைட்டரின் உறையை எடுத்தார், தாள் சொருகினார், நின்றபடியே தட்ட ஆரம்பித்தார். “மதிப்பிற்குரிய ஐயா, பதினோரு வரிகளைப் படிக்காமல் தங்களுக்கு எழுதிவிட்டோம்…” கூப்பனைப் பற்றி எழுதட்டுமா என்று என்னிடம் கண்ணாலேயே கேட்டார். எழுதுங்கள் என்று தலையாட்டினேன். எது நிஜமோ அது போகட்டும். இரண்டு அணியும் சேர்ந்து தொண்ணூற்றேழு கையெழுத்து.

வீட்டுக்கு வந்தோம். செருப்பைக் கழற்றும்போது நங்கை கேட்டார். “பத்திரிகைல கேக்கத் தெரிஞ்சுது. எங்ககிட்டக் கேக்கோணும்னு தோணுலியா வசந்தா?”

“நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன், நங்கை.”

நங்கை அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழவில்லை என்று மேலே எழுதியது கூடத்தில் நடந்ததற்கு மட்டும்.

ஆகஸ்ட் 17, செவ்வாய்

ஆவணி முதல் தேதி. நூலகத்துக்கு வருகிறவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்க்கிறார்கள், அல்லது புத்தகத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் பழகிக்கொள்வேன்.

சென்னியப்பன் வந்து சிவப்பைக் கேட்டார். “அந்தப் பதினோரு வரிய அச்சுலயே படிச்சுப் பாக்கோணுங்க,” என்றார். வரிசையில் ஒன்பது பேர் இருந்தும் கொடுத்தேன்.

“நாளைக்குப் பத்து மணிங்க.”

“செரிங்க,” என்றார். ஒன்பதே முக்கால் என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

ஆகஸ்ட் 18, புதன்

வரவில்லை.

ஆகஸ்ட் 20, வெள்ளி

இன்ஸ்டிடியூட் பூட்டிக் கிடக்கிறது. “சொந்த வேலையாக வெளியூர். வகுப்புகள் பிறகு” என்று கதவில் டைப் அடித்த தாள். என் சிவப்போடு வெளியூர் போயிருக்கிறார்! ஒன்பது பேரும் என்னைப் பிய்க்கிறார்கள்.

ஆகஸ்ட் 24, செவ்வாய்

சொல்லியிருக்கவே கூடாது. முகம் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டுதான் மனிதர் ஊரைவிட்டே போயிருக்கிறார். புத்தகத்தையாவது கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். நான் கோபமாக இருப்பது புத்தகத்துக்காக மட்டும்தான்.

ஆகஸ்ட் 28, சனி

வந்துவிட்டது, வந்துவிட்டது! ‘பவளமல்லி’யில் முழுப் பக்கம்! எல்லோரும் கேட்கும்படி நூலக வாசலில் நின்று நானே படித்தேன்:

“பதினோரு வரிக்காகக் கோபித்துக்கொண்டு, பதினோரு வரிக்காகவே மன்னிப்பும் கேட்ட ஊருக்கு வணக்கம். அந்த வரிகள் ஏன் வெட்டப்பட்டன என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். அப்படி ஒரு காரியத்துக்காக என் கதையில் எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் வெட்டலாம். தீபாவளி இதழிலிருந்து காளிங்கதுரை ஆற்றிலிருந்து எழுகிறான். தலைப்பு: ஏழாம் அடி.”

டீச்சர் நடுத்தெருவில் என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினார். யாரோ மிட்டாய் வாங்கி வந்தார்கள். நான் மட்டும் இரண்டு தடவை எதிர்ச்சாரியைப் பார்த்தேன். பூட்டு அப்படியே தொங்கியது.

ஆகஸ்ட் 29, ஞாயிறு

விடுமுறை. காலை ஒன்பதே முக்காலுக்கு வாசலில் குரல். “ஏனுங் அம்மிணி, லேட்டாயிருச்சுங்.”

சென்னியப்பன். பதினொரு நாள் கழித்து! கையில் சிவப்பு. நான் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை திட்டுவதற்குள் மேசையில் வைத்துவிட்டு, “பாத்துட்டுச் சொல்லுங்க, இன்ஸ்டிடியூட்லதான் இருப்பேன்,” என்று தெருவைத் தாண்டிப் போய்விட்டார்.

நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது என் கடமை. பத்தொன்பதாம் வாரத்தைத் திருப்பினேன். கீழ்மூலை இல்லை. அளவெடுத்து வெட்டியதுபோல், பச்சையில் வெட்டிய அதே அளவுக்கு, இல்லை! அந்த இடத்தில் ஒரு துண்டு வெள்ளைத்தாள். அதில் பதினோரு வரிகளும் பிழையில்லாமல் டைப் அடித்து ஒட்டியிருந்தது. பக்கத்தில் இன்னொரு துண்டும் மடித்து வைத்திருந்தது. அதிலும் அதே பதினோரு வரிகள், பச்சைக்கு.

கருத்துத் தாள் பக்கத்தில், சிவப்பிலிருந்து வெட்டிய அந்தக் கூப்பன். கட்டம் கட்டமாக டைப் அடித்து நிரப்பியிருந்தார்.

பெயர்: சென்னியப்பன். வயது: 43. தொழில்: டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். வீட்டார் சம்மதம்: அக்காவிடமும் காலமான மனைவியின் பெற்றோரிடமும் நேரில் போய்க் கேட்டேன், சம்மதம், அதனால்தான் தாமதம், மன்னிக்கவும். எதிர்பார்ப்பு: ஏழாம் பாகம் முதலில் எனக்கு.

அதன் கீழே ஒரே ஒரு வரி மட்டும் பென்சிலால்: “நானும் கேட்கிறேன்.”

எத்தனை தடவை படித்தேன் என்று எழுத மாட்டேன். நங்கை பின்னால் வந்து நின்று முழுவதும் படித்திருக்கிறார், அதுகூடத் தெரியவில்லை. “எந்திரிச்சுப் போ புள்ள. அந்த மனுசன் அங்க வாசல்லயே நிக்கறாரு, வெயில்ல,” என்றார்.

போனேன். தெருவின் இந்தப் பக்கம் நின்றே, நான்கு கடைக்குக் கேட்கும்படி, சரி என்று சொன்னேன்.

திரும்பி வந்து பச்சையில் அவர் கொடுத்த துண்டை ஒட்டினேன். பிறகு உறுப்பினர் பதிவேட்டை எடுத்தேன். விதி விதிதான், புத்தகத்தில் கத்தரி வைத்தவருக்கு அட்டை ரத்து. தாசில்தார் மனைவிக்கு ஒரு சட்டம், இவருக்கு ஒரு சட்டமா? 112-க்கு நேராகச் சிவப்பு மையில் கோடு போட்டேன். இனி அவருக்கு அட்டை தேவைப்படாது.